இன்னும் வராத ஒரு திகதி

எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அதன் இரு பக்கங்களிலும் நின்று பேசக் கற்றவன் நான். பாடசாலையின் இறுதி ஆண்டில் விஞ்ஞானம் மனிதனை வாழவைக்கும் என்று வாதாடி ஒரு கேடயமும், அடுத்த தவணையில் விஞ்ஞானம் மனிதனை அழிக்கும் என்று வாதாடி இன்னொரு கேடயமும் வாங்கினேன். இரண்டும் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் ஒன்றையொன்று முறைத்தபடி நிற்கின்றன. பேய், ஆவி, சகுனம் ஆகியவற்றை மறுத்து நான் ஆற்றிய உரையைக் கேட்டவர்கள் திருகோணமலையில் இன்றும் இருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்வருவதை எழுதும் கை இருட்டுக்கு அஞ்சிய கை அன்று.

எண்பதுகள் தொடங்கியிருந்தன. துறைமுகத்தைப் பார்த்த வீதியில், கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுபவனாகச் சேர்ந்திருந்தேன். நான் சேர்வதற்குச் சில மாதங்கள் முன்னர்தான் அங்கே ஒரு கொம்பியூட்டர் வந்து இறங்கியிருந்தது. ஊரில் வேறெங்கும் அப்படியொன்று இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. முன்பு கயிறும் தாரும் அடுக்கியிருந்த பின்னறையை வெள்ளையடித்து அதற்கென ஒதுக்கியிருந்தார்கள். தடித்த சுவர்கள், ஒற்றை யன்னல், யன்னலுக்கு அப்பால் உட்துறைமுகத்தின் அசையாத நீர். எத்தனை தரம் வெள்ளையடித்தும் அந்த அறையில் தார் மணத்தது.

அதை இயக்கத் தெரிந்தவர் ஒருவர் மட்டுமே. சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருபவர். முப்பதைத் தாண்டியவர், மணமானவர், பிள்ளைகள் இல்லை. நான் அவரை அண்ணை என்று அழைத்தேன். கொழும்பில் சில நாட்கள் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கப்பலுக்கும் அவர் ஒரு கோப்பைத் திறந்து, அதன் சரக்கு விபரங்களை அடித்து, அச்சிட்டு, லோஞ்ச் என்னும் சிறு இயந்திரப் படகில் ஏறிக் கப்பலுக்கே கொண்டுபோய்க் கொடுத்து வருவார். லோஞ்சில் ஏறும் நாட்களில் செருப்பை மேசைக்குக் கீழே கழற்றிவைத்துவிட்டு வெறுங்காலோடு போவது அவருடைய வழக்கம்.

காலையில் அவர் அந்த இயந்திரத்தை எழுப்புவதை நான் பல தடவை நின்று பார்த்திருக்கிறேன். அதற்குள் நிலையான கடிகாரம் இல்லை. மின்சாரத்தை நிறுத்தினால் அது தன் காலம் முழுவதையும் மறந்துவிடும். மறுநாள் எழும்போது, எண்பதாம் ஆண்டின் தை முதலாம் திகதி, நள்ளிரவு என்று அறிவிக்கும். ஜனவரியைத் தை என்றும் பெப்ரவரியை மாசி என்றும் சொல்வதே எங்கள் ஊர் வழக்கம். பின்னர், புதிய திகதி என்ன என்று கேட்கும். அதன்பின் நேரத்தைக் கேட்கும். யார் எதைச் சொன்னாலும் நம்பும். சொன்ன நாளையே அன்று எழுதப்படும் ஒவ்வொரு கோப்பின் மீதும் முத்திரையாகக் குத்தும்.

அண்ணை திகதியை மட்டும் அடிப்பார். நேரத்தைக் கேட்டால் ஒன்றும் சொல்லாமல் விசையை அழுத்திவிடுவார்.

"நேரத்தையும் குடுத்தால் என்ன அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏன் தம்பி, அதுக்கென்ன வீட்டை போக பஸ் பிடிக்க வேணுமே?" என்றார்.

ஆகவே யன்னலுக்கு வெளியே காலை வெயில் தண்ணீரில் சிதறிக்கொண்டிருக்கும்போது, பெட்டிக்குள்ளே நள்ளிரவு தொடங்கும். அவர் நண்பகலில் சாப்பிட எழும்பும்போது அதற்குள் அதிகாலை மூன்று மணி. அந்நாளில் இது எனக்கு ஒரு வேடிக்கையாகவே தோன்றியது.

இன்னொன்றையும் அவர் சொல்வார். "இது மாசத்திலை முதல் பன்னிரண்டு நாளும் நல்ல பிள்ளை. பதின்மூண்டாம் திகதியெண்டால் பேய் பிடிச்சிடும். சொன்னதை ஏற்காது. பிழையெண்டு கத்தும். பிறகு நாளையும் மாசத்தையும் மாறிச் சொல்லித்தான் சமாளிக்க வேணும். அடுத்த முதலாம் திகதி பார், திரும்ப நல்ல பிள்ளை." சொல்லிவிட்டுத் திரையின் பக்கவாட்டில், மாட்டைத் தட்டுவதுபோல் ஒரு தட்டுத் தட்டுவார். நானும் சிரித்துவிட்டு என் தட்டச்சுப் பொறிக்குத் திரும்புவேன்.

மாசி மூன்றாம் திகதி. மறுநாள் சுதந்திர தின விடுமுறை என்பதால், நங்கூரமிட்டிருந்த கப்பலொன்றின் வேலையை அன்றே முடித்துவிட வேண்டும் என்று அண்ணை விரைந்து அடித்து, அச்சிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். போகும்போது கப்பலுக்குக் காகிதம் போய்ச் சேர்ந்தது. திரும்பும்போது வாடைக் காற்றின் கடைசிச் சீற்றம் லோஞ்சைக் கவிழ்த்தது. லோஞ்சை ஓட்டியவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர்; நாங்கள் நானா என்று அழைப்பவர். அவரையும் கூட இருந்த கடலாளியையும் ஒரு மீன்பிடி வள்ளம் ஏற்றிக்கொண்டு வந்தது. அண்ணையை யாரும் கண்டெடுக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் தேடினார்கள். எங்கள் துறைமுகத்தின் ஆழத்தை வெளியூரார் பெருமையாகப் பேசுவார்கள். ஊரார் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கரைக்கு மிக அருகிலேயே நிலம் திடீரென்று இல்லாமற்போகும் இடங்கள் அதில் உண்டு. அங்கே போனது மேலே வருவதில்லை.

நானா கந்தோர் வாசலில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே சொற்களைச் சொன்னார். "கையைப் பிடிச்சனான். பிடிச்ச கை இருந்தது. பிறகு பார்த்தால் தண்ணியைத்தான் பிடிச்சுக்கொண்டிருந்தனான்." ஒரு சொல்லும் கூடவில்லை, ஒரு சொல்லும் குறையவில்லை. மேடைக்காகப் பாடமாக்கிய பேச்சுகளை நான் அறிவேன். அது பாடமாக்கிய பேச்சன்று. ஆனாலும் மாறவில்லை.

இயந்திரத்தை இனி நான்தான் இயக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எனக்குக் கற்றுக்கொடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு திருத்துநர் வந்தார். சட்டைப் பையில் நாலு பேனை, வாயில் ஓயாத வெற்றிலை. அவர் வந்த நாளில்தான், நான் அக்கா என்று அழைக்கும் அண்ணையின் மனைவியும் கணவருடைய பொருட்களை எடுத்துப்போகச் சல்லியிலிருந்து வந்திருந்தார். ஒரு குடை, ஒரு சாப்பாட்டுப் பெட்டி, மேசைக்குக் கீழே அந்தச் செருப்பு. மூன்றையும் கையிலெடுத்துக்கொண்டு, வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"தம்பி, அவர் கடைசியாச் செய்த வேலை இதுக்குள்ளை கிடக்கோ? ஒருக்காக் காட்ட ஏலுமோ?"

திருத்துநர் உற்சாகமாக டிஸ்க்கைச் செருகினார். கோப்புகளின் பெயர்கள் பச்சை எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது கடைசியாக எழுதப்பட்ட திகதியும் நேரமும் நின்றன. அவர் பேனையின் முனையால் கடைசி வரியைத் தொட்டார். அந்த வரியில் 3-02 என்றும் அதன்பின் ஆண்டின் இலக்கங்களும் இருந்தன.

அக்கா குனிந்து வாசித்தார். "மூண்டு, ரெண்டு. மாசி மூண்டு. அவர் போன நாள்தான்."

"இல்ல மிஸிஸ்," என்றார் திருத்துநர். "இது அமெரிக்கா மெஷின். மாசம் முன்னுக்கு, நாள் பின்னுக்கு. இது மார்ச் ரெண்டாம் திகதி. நேரம் பாருங்க, நடுச்சாமம் தாண்டிக் கொஞ்சம்."

"பங்குனி ரெண்டோ?"

"ஓ. மார்ச் ரெண்டு."

"இப்ப மாசி அல்லோ நடக்குது?"

திருத்துநரின் பேனை திரையிலேயே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். மாசி பாதிகூடக் கழியவில்லை. யன்னலுக்கு வெளியே யாரோ துடுப்பு வலிக்கும் சத்தம் கேட்டு, பின்னர் கேளாமற்போனது.

"மெஷின் பொய் சொல்லாது," என்றார் திருத்துநர், பேனையைச் சட்டைப் பைக்குள் செருகியபடி. அன்று மாலைப் புகையிரதத்தில் அவர் கொழும்புக்குப் போய்விட்டார்.

அக்கா அழவில்லை. குடையைக் கொண்டுபோய் அது முன்பு நின்ற மூலையிலேயே சாத்தினார். செருப்பை மேசைக்குக் கீழே வைத்தார். கால் நுழைக்க வசதியாக முனைகளை வெளிப்பக்கம் திருப்பியே வைத்தார்.

"இங்கையே கிடக்கட்டும் தம்பி. நாள் இன்னும் கிடக்குத்தானே. வந்து எடுப்பார்."

சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் கொண்டுபோனார்.

சல்லியில் நடந்துகொண்டிருந்ததை நான் நானா வாயிலாக அறிந்தேன். உடல் கிடைக்காததால் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, கடற்கரையில் எரித்து, முப்பத்தோராம் நாள் கிரியைகளைச் செய்துவிடுவது என்று அண்ணையின் மூத்த சகோதரர் நிச்சயித்திருந்தார். அந்த நாள் பங்குனி ஐந்தில் வந்தது. அன்று அக்காவின் தாலி கழற்றப்படும். அக்கா அதுவரை வாய்பேசாமல் தலையசைத்துக்கொண்டிருந்தவர். கந்தோரிலிருந்து திரும்பியபின் ஒரேயொரு வசனம் சொன்னார்: "உயிரோடை வாற மனுசனுக்குக் கொள்ளி வைக்க விடமாட்டன்." முத்துமாரியம்மன் கோயிலடியில் பெண்கள் இதைக் கேட்டு முதலில் பரிதாபப்பட்டார்கள். பின்னர் அவரைக் கண்டால் குரலைத் தாழ்த்தினார்கள்.

நான் அந்த அறைக்குள் தனியே வேலை செய்யத் தொடங்கினேன். காலடியில் அந்தச் செருப்பு. நாற்காலியை இழுத்தால் கால் அதில் படும். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்பவன்போல் காலை உள்ளே இழுத்துக்கொள்வேன். பேயை மறுத்துப் பேசியவன் ஒரு சோடிச் செருப்புக்கு இடம்விட்டு உட்கார்ந்தான் என்பதை எதிரணியினர் அறிந்திருந்தால் அந்த ஆண்டுக் கேடயம் அவர்களுக்கே போயிருக்கும்.

ஒருநாள் அலுமாரியிலிருந்த பழைய டிஸ்க் ஒன்றைச் செருகிப் பார்த்தேன். இப்போது எனக்கு வாசிக்கத் தெரியும். மாதம் முன்னே, நாள் பின்னே. பச்சை எழுத்துகள் மெல்ல ஏறிவந்தன. சித்திரை முதலாம் திகதி ஒரு கோப்பு. ஆனி முதலாம் திகதி ஒன்று. ஆடி முதலாம் திகதி ஒன்று. ஐப்பசி முதலாம் திகதி இன்னொன்று. எல்லாம் இந்த ஆண்டு. எல்லாம் நள்ளிரவு கடந்த நேரம். இன்னும் வராத மாதங்கள்தோறும் அண்ணை இந்த அறைக்கு வந்து, இதே கதிரையில் இருந்து, ஊர் உறங்கும் வேளையில் கப்பல்களுக்குக் கணக்கு அடித்திருக்கிறார். நாங்கள் மாசியில் நின்றுகொண்டிருந்தோம். அவர் ஆண்டின் மறுகரையில் இருந்தார்.

என் கழுத்தின் பின்புறம் குளிர்ந்தது. மின்விசிறிதான் காரணம் என்று எனக்கு நானே உரத்துச் சொன்னேன். அந்த அறையில் என் குரல் நன்றாக ஒலிக்கவில்லை.

ஆடி முதலாம் திகதிக் கோப்பைத் திறந்தேன். அதில் இருந்த கப்பலின் பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் கப்பல் எனக்குத் தெரியும். தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை வந்து, நெல்லுக்கான உரத்தை இறக்கிவிட்டுப் போன கப்பல். அதன் தலைமை மாலுமிக்கு நானே கடிதம் எழுதியிருந்தேன். அது வந்த நாள் தை ஏழு. நாங்கள் எழுதும் முறைப்படி 7-1. மாதத்தை முன்னே வைக்கும் இயந்திரம் வாசிக்கும் முறைப்படி, ஏழாம் மாதம், முதலாம் நாள்.

முதல் பன்னிரண்டு நாளும் நல்ல பிள்ளை. பதின்மூண்டாம் திகதியெண்டால் பேய் பிடிச்சிடும்.

அப்போதுதான் அந்தப் பகிடி எனக்கு முழுதாய் விளங்கியது. பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் இயந்திரம் மறுத்தது. பன்னிரண்டுக்கு உட்பட்ட நாட்களில் அண்ணை சொன்னதை மாற்றி விளங்கிக்கொண்டு மௌனமாக இருந்தது. அது நல்ல பிள்ளையாக இருந்த நாட்களில்தான் பிழை நடந்தது. மாசி மூன்றாம் திகதி காலையில் அவர் 3-2 என்று அடித்தார். அது பங்குனி இரண்டு என்று எழுதிக்கொண்டது. அவ்வளவுதான். அக்கா முதலில் வாசித்ததே சரி.

வெற்றி பெற்ற அணியின் தலைவனைப்போல் எழுந்து நின்றேன். கால் செருப்பில் பட்டது.

அண்ணையின் சகோதரர் என்னைத் தேடி வந்தது அதற்கு அடுத்த நாள். படகுகள் இரண்டு வைத்திருக்கும் கடற்றொழிலாளி, கரகரத்த குரல், பேசும்போது கடலைப் பார்த்தே பேசுவார். நான் கண்டதை அவருக்கு விளக்கினேன். அவர் பாதியிலேயே கையை உயர்த்தினார். "கதையை விடும் தம்பி. அந்தத் திகதியை மாத்த ஏலுமோ, ஏலாதோ?"

"மாத்தலாம் ஐயா."

"அப்ப மாசி மூண்டெண்டு போடும். உண்மையான நாளைத்தானே போடச் சொல்லுறன். பொய்யைப் போடச் சொல்லேல்லையே. அவன்ரை மனுசி வந்து பார்க்கட்டும். பார்த்துவிட்டுச் சம்மதிக்கட்டும். நாள் நெருங்குது. அதுக்குப் பிறகு அவன்ரை ஆத்துமா எங்கை நிக்கும்? கடலிலையோ, இந்தப் பெட்டிக்குள்ளையோ?"

அவர் போனபின் நான் அதைச் செய்துபார்த்தேன். அண்ணையின் கோப்பில் அல்ல. நான் எனக்கென்று திறந்த ஒரு வெற்றுக் கோப்பில். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. இயந்திரத்தோடு பிறந்த கட்டளைகளே போதும். 'டேட்' என்று அடித்தால் இன்றைய நாளை மாற்றிக்கொள்ளும். பிறகு 'கொப்பி' என்று அடித்து, கோப்பின் பெயரை எழுதி, அதையடுத்து ஒரு கூட்டல் குறியும் இரண்டு காற்புள்ளிகளும் இட்டால், கோப்பைத் தன்மீதே பிரதி எடுத்துக்கொண்டு புதிய நாளைச் சூடிக்கொள்ளும். உள்ளே ஓர் எழுத்தும் மாறாது. பழைய நாள் இருந்த சுவடும் இராது. நான் என் வெற்றுக் கோப்பை அடுத்த ஆண்டுக்கு அனுப்பினேன். பத்தாண்டுகளுக்கு அப்பால் அனுப்பினேன். நான் இருப்பேனா என்று தெரியாத ஒரு காலத்துக்கும் அனுப்பினேன். கேள்வி கேட்காமல் போயிற்று, கேள்வி கேட்காமல் திரும்பி வந்தது. எண்பதாம் ஆண்டுக்கு முன்னர் மட்டும் போக மறுத்தது. அதற்கு அப்பால் உலகமே இல்லை என்பதுபோல்.

அண்ணையின் கோப்பின் பெயரை ஒருமுறை அடித்து, கூட்டல் குறி வரை வந்தேன். பின்னர் ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். வாதத்தால் வெல்லக்கூடிய இடத்தில் கையால் வெல்வது எனக்கு இழுக்காகப் பட்டது.

அக்காவை வரச்சொல்லி நானாவிடம் சொல்லியனுப்பினேன். பங்குனி பிறக்க ஒருநாள் இருக்கும்போது பஸ்ஸில் வந்தார். நான் மேடைக்குத் தயாரிப்பதுபோல் தயாரித்திருந்தேன். உரக்கப்பலின் கோப்பைக் காட்டினேன். பன்னிரண்டாம் நாள் பகிடியைச் சொன்னேன். அண்ணையின் குரலில் நான் அதைச் சொல்லிக் காட்டியபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. கடைசியாக என் வெற்றுக் கோப்பின் திகதியை அவர் கண்முன்னே மாற்றினேன்.

"பாத்தீங்களோ அக்கா? எந்த நாளைச் சொன்னாலும் போடும்."

"எந்த நாளும் போடுமோ? அப்ப எங்கட கலியாண நாளைப் போடுங்கோ."

நாளைச் சொன்னார். எழுபதுகளின் நடுப்பகுதி. அடித்தேன். பிழையான திகதி என்று இயந்திரம் கத்தியது.

"எண்பதுக்கு முந்தினது தெரியாது அக்கா, இதுக்கு."

"ஓம். அது பிறக்கேல்லைத்தானே." திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "நீங்கள் நல்லாக் கதைக்கிறீங்கள் தம்பி. அவரும் சொல்லுறவர், கந்தோரிலை ஒரு பேச்சாளர் இருக்கிறார், வாயைத் திறந்தால் தேரடிக் கூட்டம் மாதிரி எண்டு. நான் ஒண்டு கேக்கிறன். ஆர் சொன்னாலும் இது நம்பும் எண்டுறீங்கள்?"

"ஓம் அக்கா."

"நானும் அப்பிடித்தான். ஆனால் எனக்கு அவர் சொன்னால் மட்டும்." எழும்பினார். "அவர் கையாலை அடிச்ச நாள் எண்டு நீங்களே சொல்லிப்போட்டீங்கள். மாறியோ நேரோ, அந்த நாள் வரட்டும். அண்டைக்குச் சாமத்திலை கதவு பூட்டமாட்டன்."

என் வாழ்வில் முதன்முறையாக, எதிரணி என் ஆதாரங்கள் அனைத்தையும் ஒப்புக்கொண்டு, அதன்பின்னும் வென்றது.

பங்குனி இரண்டாம் திகதி காலையில் நான் வரும்போது அக்கா கந்தோர் வாசலில் நின்றார். உறங்காத கண்கள். சேலை ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. தலையில் பூ இருந்தது. காவலாளி அவரை உள்ளே விடத் தயங்கி ஒதுங்கி நின்றான்.

"சாமத்திலை ஒருத்தரும் வரேல்லை தம்பி," என்றார் தாழ்ந்த குரலில். "விடிய விடிய இருந்தனான். பிறகுதான் யோசிச்சனான். அவர் வீட்டை வாறது எண்டு ஆர் சொன்னது? இங்கையல்லோ எழுதிக் கிடக்கு."

மறுத்துச் சொல்ல என்னிடம் சொல் இருந்தது. ஆனாலும் பின்னறையைத் திறந்தேன். தார் மணத்தது. அண்ணையின் கதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டு, அருகே நின்று மின்சாரத்தைப் போட்டேன். இயந்திரம் உறுமி எழுந்து, எண்பதாம் ஆண்டின் தை முதலாம் திகதி என்றது. புதிய திகதி என்ன என்று கேட்டது.

அன்று பங்குனி இரண்டு. அதன் முறைப்படி, மாதம் முன்னே, நாள் பின்னே. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்று நான் சரியாக அடிக்க வேண்டிய இலக்கங்கள், அன்று அண்ணை பிழையாக அடித்த அதே இலக்கங்கள். 3-2.

"நான் அடிக்கட்டோ?" என்றார் அக்கா.

ஒற்றை விரலால், விசைகளைத் தேடித் தேடி அடித்தார். மூன்று. கோடு. இரண்டு. ஆண்டை நான் சொல்ல அடித்தார். இயந்திரம் ஏற்றுக்கொண்டு, நேரத்தைக் கேட்டது. நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கத் திரும்புவதற்குள் அவர் விசையை வெறுமனே அழுத்திவிட்டார். அப்படிச் செய்யும்படி நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

டிஸ்க்கைச் செருகிக் கோப்புகளை வரவழைத்தேன். கடைசி வரி அப்படியே நின்றது. பங்குனி இரண்டு, நள்ளிரவு கடந்து சற்று நேரம்.

"இப்ப அதுக்குள்ளை எத்தினை மணி தம்பி?"

'டைம்' என்று அடித்தேன். நள்ளிரவு தாண்டியிருந்தது. கோப்பின் மீது எழுதியிருந்த நிமிடம் இன்னும் வரவில்லை. வந்துகொண்டிருந்தது.

எனக்குத் தெரியும். அண்ணை காலையில் இயந்திரத்தை எழுப்பி, அவ்வளவு நேரம் அடித்து, அந்த நிமிடத்தில் கோப்பை மூடினார் என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. அதை நான் எந்த மேடையிலும் நிறுவுவேன். ஆனால் அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை, அது பங்குனி இரண்டு. அது நள்ளிரவு. அண்ணை கோப்பை எழுதிக்கொண்டிருந்த அதே நேரம். வெயில் நிறைந்த அந்த அறையில் நாங்கள் இருவரும் அவர் வேலை செய்துகொண்டிருந்த பொழுதுக்குள் உட்கார்ந்திருந்தோம். அவர் எங்களிடம் வந்திருந்தாரா, நாங்கள் அவரிடம் வந்திருந்தோமா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், நான் எந்த அணியில் நின்று பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

நானா காகிதம் வாங்க வந்தவர் நிலைப்படியில் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். கதிரையில் இருந்த உருவத்தைப் பார்த்தார். அவருடைய வலதுகை தானாக மூடித் திறந்தது.

"உள்ளுக்கு வாங்கோ நானா."

"இல்லை தம்பி. நான் நிக்கிறன்."

மீண்டும் நேரம் கேட்டேன். மீண்டும் கேட்டேன். அக்கா இரு கைகளையும் விசைப்பலகையின் இரு பக்கமும் வைத்துக்கொண்டு, அண்ணை இருப்பதைப்போலவே சற்று முன்சாய்ந்து இருந்தார். கோப்பில் எழுதியிருந்த நிமிடம் வந்தது. திரையில் இரண்டு எண்களும் மேலும் கீழுமாக, ஒன்றாகவே நின்றன. நீரில் எதுவும் அசையவில்லை. கதிரையின் பிரம்பு ஒருமுறை முறுகியது. அக்கா அசையவில்லை என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நிமிடம் பிறந்தது. அதோடு மின்சாரம் கண் சிமிட்டியது. எங்கள் ஊரில் அது நாளாந்தம் நடப்பது. விசிறி தளர்ந்து மறுபடி வேகம் கொண்டது. திரை கறுத்து, மறுபடி ஒளிர்ந்தது. எண்பதாம் ஆண்டின் தை முதலாம் திகதி, நள்ளிரவு. புதிய திகதி என்ன?

அக்கா அந்தக் கேள்வியை வாசித்துவிட்டு, கைகளை மடிக்கு எடுத்துக்கொண்டார்.

"போயிட்டார்," என்றார்.

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

"சொன்ன நாளுக்கு வந்தவர், தம்பி. வேலை முடிஞ்சுது, போயிட்டார்." கதிரையிலிருந்து எழும்பி, குனிந்து, மேசைக்குக் கீழிருந்த செருப்பை எடுத்தார். அடியில் படிந்திருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். மூலையிலிருந்த குடையையும் எடுத்துக்கொண்டார். நானா நிலைப்படியிலிருந்து விலகி வழிவிட்டார். அவருக்கு மட்டுமல்ல, அவருக்குப் பின்னாலும் சிறிது நேரம் வழிவிட்டே நின்றார்.

மறுநாள் காலையில் சகோதரர் வந்தார். வாசலிலேயே நின்று, வழக்கம்போல் கடலைப் பார்த்துக் கேட்டார்.

"அவள் சம்மதிச்சிட்டாள் தம்பி. அஞ்சாம் திகதி செய்யலாம் எண்டு தானாவே சொன்னாள். தர்ப்பை உருவத்தோடை அந்தச் செருப்பையும் வைக்கச் சொல்லுறாள். திகதியை மாத்திப்போட்டீரோ?"

"இல்லை ஐயா. அது அப்பிடியே கிடக்கு."

"அப்ப என்னெண்டு அவளைச் சம்மதிக்க வைச்சனீர்?"

"நான் ஒண்டும் கதைக்கேல்லை," என்றேன். அவர் நம்பவில்லை. என் பெயர் ஊரில் அப்படி. தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "பேச்சாளரெண்டால் பேச்சாளர்தான்" என்று சொல்லிப் போனார்.

அவர் போனபின் இயந்திரத்தை எழுப்பினேன். புதிய திகதி என்ன என்று கேட்டது. 3-3 என்று அடித்தேன். நாங்கள் எழுதும் முறையில் வாசித்தாலும், அது எழுதும் முறையில் வாசித்தாலும் ஒரே நாள். அடுத்ததாக நேரத்தைக் கேட்டது. சுவர்க்கடிகாரத்தை இருமுறை பார்த்து, மணியையும் நிமிடத்தையும் முழுமையாக அடித்தேன். அதன்பின்னரே கதிரையில் உட்கார்ந்தேன். காலை நீட்ட இப்போது இடம் இருந்தது. இருந்தும் நீட்டவில்லை.